காயாத ஏழு கப்

அத்தியாயம் 6

உர ஆலையின் கேட்டைத் தாண்டியதுமே கண்டக்டர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். மூக்கன் பொத்தவில்லை. இதே ஆலையில் ஒன்பது வருஷம் ஆசிட் தொட்டியில் வேலை பார்த்ததில் அவனுடைய மூக்கு செத்துப் பல காலம் ஆகிறது. சோப்பும் சாக்கடையும் அவனுக்கு ஒன்றுதான். வேலையை விட்டுவிட்டுத் துப்பறியக் கிளம்பியபோது பழைய கூட்டாளிகள் கேலிக்கு வைத்த பேர்தான் மூக்கன். பேர் நின்றுவிட்டது, மூக்கு திரும்பவில்லை.

“எப்படி இருக்கு நாத்தம்?” என்று கேட்டான்.

“தீக்குச்சிய வாயில வச்சு உரசின மாதிரி இருக்கு முதலாளி. மோப்பம் தெரியாத துப்பறிவாளர்கிட்ட வேலைக்குச் சேர்ந்தவ நான் ஒருத்திதான் இருப்பேன்.”

பதினோரு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவள். டிக்கெட் எடுக்காதவனைப் பின்னந்தலையைப் பார்த்தே சொல்வாள் என்பதற்காகத்தான் மூக்கன் அவளைச் சேர்த்துக்கொண்டான். வாய் இலவச இணைப்பு.

கேட்டுக்கு உள்ளே அண்ணன் காத்துக்கொண்டிருந்தார். மூக்கனின் கூடப்பிறந்த அண்ணன். கல்லை அரைக்கிற மில்லில் மேஸ்திரி. அதைவிட முக்கியம், இருபத்திரண்டு வருஷமாகத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர். அவர் நடந்தால் நாலு பேர் கூட நடப்பார்கள். இன்று கொஞ்சம் நொண்டி நொண்டி நடந்தார்.

“வாடா தம்பி. சாப்பிட்டியா? முகம் ஏன் இப்படி வாடிக் கெடக்கு?” என்று மூக்கனின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

“செயலாளர் ஐயாவுக்குப் புது ஷூவா? கடிக்குது போல” என்றாள் கண்டக்டர்.

“பழசு தேஞ்சு போச்சும்மா. புதுசு இன்னும் கால் பழகல.” அண்ணன் சிரித்தார். “நாலு மணிக்கு விசாரணை. இப்ப மணி ஒண்ணு. நான் சொல்றதச் சொல்லிட்டேன், நீ உன் கண்ணால ஒரு தடவை பாரு. அந்தப் பையன் பொண்டாட்டிக்கு நீ சொன்னாத்தான் மனசு ஆறும்.”

விஷயம் இதுதான். பாஸ்பேட் கல்லை மாவாக அரைத்து, கந்தக ஆசிட் நிற்கிற தொட்டியில் கொட்டிக் கலக்கினால் பாஸ்பாரிக் ஆசிட்டும் ஜிப்சமும் சேர்ந்த சகதி வரும். சகதியை வடிகட்டி, ஜிப்சத்தைக் கழுவி வெளியே தள்ளுவார்கள். ஆசிட் உரத்துக்குப் போகும். சொல்வதற்கு இவ்வளவுதான். ஆனால் அந்தத் தொட்டி அடுப்பில் வைத்த பால் மாதிரி. கண் அசந்தால் பொங்கும். ஒரு கப்பலில் வந்த கல் அடக்கமாகப் பொங்கும், இன்னொரு கப்பலில் வந்தது ஆளை விழுங்கும். அதனால் புதுக் கல்லுக்கு மாறுவதற்கு முன்னால் மில்லிலிருந்து ஒரு துண்டுக் கல்லைத் தகர டப்பாவில் போட்டுத் தொட்டிக்காரரிடம் அனுப்ப வேண்டும். அவர் அதன்மேல் ஆசிட்டைச் சொட்டவிட்டு, எவ்வளவு நுரைக்கிறது என்று பார்த்து, நுரை அடங்க மருந்தைக் கூட்டி வைப்பார். மாதிரிக் கல் என்று அதற்குப் பேர். மாதிரிக் கல் வராமல் புதுக் கல் வராது. எந்தச் சுவரிலும் எழுதி ஒட்டாத சட்டம், யாரும் மீறியதும் இல்லை.

எட்டு நாளைக்கு முன்னால் பிற்பகல் மூன்று இருபதுக்குத் தொட்டி பொங்கி வழிந்தது. கீழே தரை கூட்டிக்கொண்டிருந்த பெண் இடுப்புக்குக் கீழே வெந்துபோய் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவளை இழுத்துப் போட்ட தொட்டிக்காரனுக்கு இரண்டு கையும் முழங்கை வரை கட்டு. மருந்தை ஒழுங்காக விடாமல் தூங்கினான் என்று அவன்மேல்தான் குற்றம். நாலு மணி விசாரணையில் நிரூபணம் ஆனால் வேலை போகும், காகிதம் அப்படியே போலீசுக்குப் போகும்.

தொட்டிக்காரன் கேன்டீன் படியில் மனைவியோடு உட்கார்ந்திருந்தான். முப்பது வயசுக்கு மேல் இருக்காது.

“மாதிரிக் கல் வரவே இல்ல சார்” என்றான் எடுத்தவுடனே. “மூணு மணி கப்பை நான்தான் மொண்டேன். சாம்பல் கலர்ல இருந்துச்சு. புதுக் கல் எனக்குச் சொல்லாமலே உள்ள வந்துடுச்சு. மருந்தைக் கூட்டுறதுக்குள்ள மேல வந்துருச்சு.”

“மில்லுல மூணு மணிக்குத்தான் புதுக் கல் போட்டதா எழுதியிருக்காங்க. அதுக்கு முன்னாடியே மாதிரிக் கல் அனுப்பினதாவும் எழுதியிருக்காங்க” என்றான் மூக்கன்.

“அது எப்படின்னுதான் எனக்குத் தெரியல.”

அவன் மனைவி கண்டக்டரின் கையைப் பிடித்தாள். “செயலாளர் அண்ணன் இல்லன்னா நாங்க என்னைக்கோ செத்துருப்போம். அவர்தான் ‘வெளியாள் எதுக்கு, என் தம்பியையே கூப்பிடுறேன்’னு உங்களக் கொண்டாந்தாரு.”

கண்டக்டர் வழக்கமாக இதற்கு ஏதாவது சொல்வாள். சொல்லவில்லை. கட்டுப்போட்ட கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாம்பிள் அறை தொட்டிக்கு அடியில். ஜன்னல் கண்ணாடியெல்லாம் பால் ஊற்றியது போல வெளுத்திருந்தது. தொட்டியிலிருந்து வரும் புகை கண்ணாடியைத் தின்றுவிடும். அதனால் இங்கே எல்லாமே பிளாஸ்டிக். தொட்டிக்காரன் மணிக்கொரு தரம் ஒரு கப் சகதி மொண்டு வரிசையாக வைப்பான். எட்டு மணி நேர ஷிப்டுக்கு எட்டு கப். அடுத்த ஷிப்டுக்காரன் வந்து, படிந்திருக்கிற ஜிப்சத்தைப் பார்த்துவிட்டுக் கொட்டுவான். அன்று கொட்ட ஆளில்லை. ஆறு மணிக்கு அலமாரியில் வைத்துப் பூட்டி, கம்பி வலைக் கதவின்மேல் காகிதம் ஒட்டிச் சீல் வைத்துவிட்டார்கள்.

சாவி லேப்காரரிடம். மனுஷன் நல்ல மாதிரி. பயந்த மாதிரியும்கூட.

“திறக்கக் கூடாது. நாலு மணிக்குத்தான். வேணும்னா காகிதத்து ஓரத்தத் தூக்கிப் பார்த்துக்குங்க. பார்க்க என்ன இருக்கு? எட்டு கப்பும் பழுப்பு. மூணு மணி கப்பும் பழுப்பு. பழைய கல் பழுப்பு, புதுக் கல் சாம்பல். மூணு மணிக்குத் தொட்டியில பழைய கல்லுதான் இருந்துச்சு, மில்லுக்காரங்க எழுதினது சரின்னு அன்னைக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டாச்சு.”

மூக்கன் காகிதத்தைத் தூக்கி, டார்ச் அடித்தான். ஒன்று, இரண்டு என்று விரலால் எண்ணிக்கொண்டே போனான். எட்டாவதில் நின்றான். பிறகு தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தான்.

“என்ன முதலாளி, புகை தலைக்கேறிடுச்சா?”

“நீ பாரு. கலரப் பார்க்காதே.”

கண்டக்டர் எட்டிப் பார்த்தாள். “ஏழு கப்பு எண்ணெய் தேச்ச மாதிரி மினுங்குது. கடைசி கப்பு கோடை காலத்துக் குளம் மாதிரி வெடிச்சுக் கெடக்கு.”

“எட்டு நாள் ஆச்சு. தண்ணி காயும். ஆசிட் காயாது. நாளாக ஆக இன்னும் பிசுபிசுன்னு ஆகும், அவ்வளவுதான். அந்த எட்டாவது கப்புல ஆசிட்டே இல்ல. வெளிய தள்ளின பழைய ஜிப்சத்த அள்ளி, குழாய்த் தண்ணியில கரைச்சு ஊத்தியிருக்காங்க. கழுவின ஜிப்சத்துல ஆசிட் ஏது? அன்னைக்குச் சாயங்காலம் பார்த்தா எட்டும் ஒரே மாதிரிதான் ஈரமா இருந்திருக்கும்.”

லேப்காரர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “ஐயோ! என் வேலை போச்சு.”

“உங்க வேலை போகாது. நிசமான கப்பு சாம்பல் கலர்ல இருந்திருக்கு. அதைக் கொட்டிட்டு இதை வச்சவன் யாருன்னுதான் தெரியணும்.” மூக்கன் எழுந்து பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டான். “ஒண்ணு நிச்சயம். ஆசிட் பக்கத்து ஆள் இதைச் செய்ய மாட்டான். சட்டையில பட்டா ஒட்டுறது, படியில கொட்டினா வாரக்கணக்கா வழுக்குறது, இதெல்லாம் வேலைக்குச் சேர்ந்த மொத நாளே தெரிஞ்சுக்கிறது. இவனுக்குக் கல்லோட கலர் தெரியும், ஆசிட்டோட குணம் தெரியாது. வருஷக்கணக்கா தூசியில மட்டுமே நின்ன ஆள்.”

“மில்லுக்காரன்.”

“மில்லுக்காரன்தான்.”

“அன்னைக்கு அந்த ஷிப்டுல மில்லுல எத்தனை பேர்?”

“மூணு பேர். அண்ணன், கூட ரெண்டு ஆளு. ஆக ரெண்டு பேர்ல ஒருத்தன்.”

மூன்றிலிருந்து ஒன்றை அவன் கழித்த வேகத்தைக் கண்டக்டர் கவனித்தாள். அவனே கவனிக்கவில்லை.

“அன்னைக்கு இந்தத் தரை எப்படி இருந்துச்சு?” என்று லேப்காரரைக் கேட்டான்.

“ஏன் கேக்குறீங்க, கணுக்கால் அளவு சகதி. கந்தக ஆசிட்டும் சேர்ந்தது. ஆறு மணிக்குச் சீல் வைக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் அலம்பி முடிச்சாங்க. அப்பவும் செயலாளர் உள்ள வரல. ‘தோல் ஷூ போட்டிருக்கேன்’னு வாசல்ல நின்னே கையெழுத்துப் போட்டார்.”

மூக்கன் விரலைச் சொடுக்கினான். “ஆசிட் பக்கம் எல்லாரும் ரப்பர் பூட்ஸ். மில்லுல தோல் ஷூ. அந்தச் சகதிக்குள்ள தோல் ஷூவோட நடந்து வந்து கப்பை மாத்தினவனுக்குத் தோலுக்கு ஒண்ணும் ஆயிருக்காது. ஆனா தைச்ச நூல் பருத்தி நூல். கந்தக ஆசிட் பட்டா ரெண்டு நாள்ல மாவாப் போகும். அடிப்பாகம் வாயைப் பொளந்துரும். வா, கேட்டுக்கு எதிர்ல ஒரு செருப்பு தைக்கிறவர் இருக்காரு.”

செருப்பு தைக்கிறவர் கிழிந்த குடைக்குக் கீழே உட்கார்ந்து, வாயில் நூலைக் கடித்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் அவர் எதிரே குந்தினாள்.

“அண்ணே, போன வாரம் மில்லுக்காரங்க யாராவது தையல் விட்டுப்போன ஷூ கொண்டாந்தாங்களா?”

“தையல் விடாம என்கிட்ட யாரு வருவா? நலம் விசாரிக்கவா வருவாங்க?”

“தோல் நல்லா இருந்து, நூல் மட்டும் பொடிஞ்சு போனது.”

அவர் நூலைத் துப்பினார். “அட, அதக் கேக்குறியா! அப்படி ஒண்ண நான் பார்த்ததே இல்ல. இழுத்தா நூல் திருநீறு மாதிரி உதிருது. ‘நைலான் நூல் போட்டுத் தர்றேன், இன்னும் அஞ்சு வருஷம் ஓடும்’னேன். ‘வேணாம், தூக்கிப் போடு’ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. நல்ல தோலைத் தூக்கிப் போட மனசு வருமா? இந்தா இருக்கு.”

சாக்குக்கு அடியிலிருந்து எடுத்து வைத்தார். பெரிய பாதம். இடது குதிகால் வெளிப்பக்கமாகத் தேய்ந்திருந்தது. சின்ன வயசில் அண்ணன் மரத்திலிருந்து விழுந்து, இடது காலை வீசி நடக்கப் பழகியது மூக்கனுக்குத் தெரியும். அந்தக் குதிகாலைப் பார்த்துக்கொண்டே அவருக்குப் பின்னால் பள்ளிக்கூடம் போனவன் அவன்.

“யாருன்னு கேக்கலியே நீங்க” என்றார் செருப்பு தைக்கிறவர்.

“வேணாம்” என்றான் மூக்கன்.

கண்டக்டர் ஷூவைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். இருவரும் ரோட்டைக் கடந்தார்கள். பிறகு, “கேட்டுல பார்த்தப்பவே எனக்கு என்னவோ மாதிரி இருந்துச்சு முதலாளி. டிக்கெட் எடுக்காதவன்தான் கண்டக்டர்கிட்ட வலிய வந்து நல்லாப் பேசுவான். உங்க அண்ணனாச்சேன்னு வாய மூடிக்கிட்டேன்” என்றாள்.

சங்க அலுவலகத்தில் அண்ணன் தனியாக இருந்தார். மூன்றரை மணி.

“என்னடா, முடிஞ்சுதா? நாலு மணிக்கு என்ன சொல்லப் போற?”

மூக்கன் ஷூவை மேஜைமேல் வைத்தான். அண்ணன் அதை எடுத்து, பிரிந்த தையலை விரலால் தடவினார்.

“கதவச் சாத்து.”

கண்டக்டர் வெளியே நின்றுகொண்டு கதவைச் சாத்தினாள்.

“மாதிரிக் கல் எடுக்கணும்னா மில்ல அரை மணி நிறுத்தணும்” என்றார் அண்ணன். “அன்னைக்கு ஏற்கெனவே ரெண்டு தடவை நின்னு போச்சு. பழைய கல்லும் ஒண்ணரை மணிக்கே தீர்ந்துருச்சு. ஒரு தடவைதானேன்னு புதுக் கல்ல அப்படியே தள்ளிவிட்டேன். அவன் சமாளிச்சுருவான்னு நெனச்சேன்.”

“அது தப்பு. தப்பு எல்லாரும் பண்ணுவாங்க. கப்பு எதுக்கு அண்ணே?”

“பின்ன? செயலாளரே ஒரு பொம்பளைய வேக வச்சுட்டாருன்னு கம்பெனிக்காரன் தண்டோரா போட மாட்டானா? சங்கமே படுத்துரும். ஆயிரம் குடும்பம்டா. அவன் சின்னப் பையன். இங்க இல்லன்னா இன்னொரு இடம். ஜெயிலுக்குப் போகாம நான் பார்த்துக்குவேன், வக்கீல் நான் வைப்பேன்.”

“நான் எதுக்கு வந்தேன்? என்னை ஏன் கூப்பிட்டீங்க?”

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “அவன் பொண்டாட்டி எங்கிருந்தோ ஆளக் கூட்டிட்டு வரேன்னு ஒத்தக் கால்ல நின்னா. நீ வந்து பார்த்து ஒண்ணுமில்லன்னு சொன்னா அடங்கிடுவா. உன் வார்த்தைக்கு இங்க மதிப்பு இருக்கு.”

“நான் கண்டுபிடிக்க மாட்டேன்னு நெனச்சீங்களா?”

“இல்லடா.” அண்ணனின் குரல் முதல் தடவையாகத் தாழ்ந்தது. “கண்டுபிடிச்சாலும் நீ சொல்ல மாட்டேன்னு நெனச்சேன்.”

 தன்னை மட்டமானவன் என்று நினைத்திருந்தால்கூட மூக்கன் தாங்கியிருப்பான். அண்ணன் அவனையும் தன்னைப் போல ஒருவன் என்று நினைத்திருக்கிறார்.

“நாலு மணிக்கு நீங்களே எழுந்து சொல்லிடுங்க அண்ணே. உங்க வாயால. அது வரைக்கும் இந்த ஷூ பையிலதான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு ஷூவை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான்.

விசாரணைக் கூடத்தில் ஒரு பக்க பெஞ்சில் ஆசிட் பக்கத்து ஆட்கள், எதிர்ப் பெஞ்சில் மில்லுக்காரர்கள். நடுவில் மேனேஜர். மூக்கன் எழுந்து, “மூணு மணி கப்பு போலி. மில்லுலருந்து மாத்தியிருக்காங்க” என்றான். அவ்வளவுதான் சொன்னான். சொல்லிவிட்டு அண்ணனைப் பார்த்தான். அவர் எழுந்தார். மூக்கனுக்கு மூச்சு வந்தது.

“தோழர்களே!” என்றார் அண்ணன். மேடைக் குரல். “பெத்த அப்பன் இல்லாத குறை தெரியாம இவன வளர்த்தவன் நான். அந்த உரிமையில சொல்றேன். என் தம்பி விலை போயிட்டான். சங்கத்த உடைக்கணும்னு கம்பெனி போட்ட திட்டத்துல இவனும் ஒரு ஆளு. மில்லுக்காரனையும் தொட்டிக்காரனையும் முட்டவிட்டுக் கூத்துப் பார்க்க வந்திருக்கான்!”

கூடம் கொதித்தது. “வெளிய போடா!” என்று ஆசிட் பக்கத்துப் பெஞ்சிலிருந்தே குரல் வந்தது. ஒன்பது வருஷம் அவனோடு ஒரே டப்பாவில் சாப்பிட்டவன் குரல் அது. தொட்டிக்காரனின் மனைவி கண்டக்டர் பக்கமிருந்து எழுந்து தள்ளிப்போய் உட்கார்ந்தாள். இருபத்திரண்டு வருஷம் அவர்களுக்காகத் தொண்டை கிழியக் கத்திய மனுஷன் சொன்னால் நம்பாமல் என்ன செய்வார்கள்?

மூக்கன் வாதாடவில்லை. லேப்காரரைப் பார்த்து, “கப்ப எடுத்து மேஜையில வைங்க” என்றான். எட்டும் வந்தன. ஆசிட் பக்கத்துப் பெஞ்சில் முதலில் கத்தியவனைக் கூப்பிட்டான். “நீயே வா. ஒவ்வொண்ணா கவுத்துப் பாரு. நான் தொட மாட்டேன்.”

அவன் முறைத்துக்கொண்டே வந்தான். முதல் கப்பைக் கவிழ்த்தான். சகதி சரியவில்லை. அடியோடு ஒட்டிக்கொண்டு, ஓரத்தில் ஒரு துளி மட்டும் பிசினாய் இறங்கித் தொங்கியது. இரண்டாவதும் அப்படியே. ஏழாவது வரைக்கும் அப்படியே. எட்டாவதைக் கவிழ்த்தான். பொலபொலவென்று நாலைந்து சில்லுகள் மேஜையில் விழுந்து உடைந்தன. லேசாகத் தூசி எழும்பியது.

அவன் ஒரு சில்லை எடுத்து விரலால் நசுக்கினான். மாவு. மூக்கனை நிமிர்ந்து பார்த்தான். பிறகு ஒன்றும் பேசாமல் கையைத் தூக்கித் தன் பெஞ்சுக்குக் காட்டினான். அங்கே யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. கூச்சல் அந்தப் பெஞ்சில் முதலில் அடங்கியது. “என்னய்யா? என்ன?” என்று மில்லுக்காரர்கள்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் அன்று அண்ணனோடு ஷிப்டில் இருந்த இரண்டு பேர் மட்டும் கேட்கவில்லை. தலையைத் தொங்கப் போட்டிருந்தார்கள்.

கண்டக்டர் ஷூ இருந்த பையை மடியில் வைத்து, அதன் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதைத் திறக்க வேண்டி வரவில்லை.

தொட்டிக்காரன் எழுந்தான். கட்டுப்போட்ட கைகளை முன்னால் தூக்கிப் பிடித்தபடி அண்ணன் எதிரே போய் நின்றான். கோபமாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. கெஞ்சிக் கேட்டான்.

“அண்ணே, மாதிரிக் கல் அனுப்பினீங்களா? அனுப்பினேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் நம்புறேன்.”

அண்ணன் வாயைத் திறந்தார். எத்தனையோ மேடை பார்த்த வாய். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அவர் உட்கார்ந்தார். உட்கார்ந்ததே பதிலாகப் போயிற்று.

மேனேஜர் போலீசுக்கு எழுதி வைத்திருந்த காகிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். தொட்டிக்காரன் அதைப் பார்க்கவே இல்லை. அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றான். மனைவிதான் வந்து அவன் தோளைத் தொட்டு, “வா, போலாம்” என்று திருப்பினாள். மூக்கனுக்கு நன்றி என்று ஒருவரும் சொல்லவில்லை. அவன் எதிர்பார்க்கவும் இல்லை. வழிவிட்டார்கள், அது போதும்.

வெளியே வந்ததும் கண்டக்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். “ஆபீசுக்கா முதலாளி?”

“இல்ல. அண்ணி வீட்டுக்கு.”

“இப்பவா? அங்க எதுக்கு?”

“அண்ணனுக்கு டீ போட்டு வச்சிட்டு வாசலப் பார்த்துட்டு இருப்பாங்க. ஊர்ல எவனாவது போய்ச் சொல்றதுக்கு முன்னாடி நான் போயிடணும்” என்று சொல்லிவிட்டு மூக்கன் வேகமாக நடக்க ஆரம்பித்தான்.